கேளுங்க, சொல்றேன்: ஷாவோட மாப்பிள்ளை, ஈரானோட வெளியுறவு அமைச்சர்

போன இதழ்ல ஈரான் அணு விவகாரம் பத்தின ஒரு கேள்விக்குப் பதில் சொல்றப்போ, "அர்தஷிர் ஜாஹெதி வெளியுறவு அமைச்சரா இருந்த காலத்துலதான் ஈரான் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டுச்சு"ன்னு ஒரே வரியில சொல்லிட்டுப் போயிட்டேன். யாரு அவரு, என்ன ஆனாருன்னு ஏகப்பட்ட பேர் கேட்டிருக்கீங்க, அதனால இந்தத் தடவை முழுக்க அவரைப் பத்தின கேள்விகள்தான்.

யாருங்க இந்த ஜாஹெதி, ஷா காலத்து ஆளா, கொமேனி காலத்து ஆளா? சுருக்கமா சொல்லுங்க போதும். (வாசகர், தேனி)

ஷா காலத்து ஆளு, அதாவது கொமேனியோட 1979 புரட்சிக்கு முன்னாடி ஈரானை ஆண்ட மன்னரோட காலம். 1928-ல தெஹ்ரான்ல பிறந்தாரு, அப்பா ஜெனரல் ஃபஸ்லொல்லா ஜாஹெதி, அம்மாவைப் பெத்த தாத்தா நாடாளுமன்ற சபாநாயகரா இருந்தவரு, ஆக ரெண்டு பக்கமும் பெரிய இடம். அமெரிக்காவுல ரெண்டு தடவை தூதர், நடுவுல லண்டன்ல தூதர், 1966 கடைசில இருந்து 1971 வரைக்கும் வெளியுறவு அமைச்சர். 1979 புரட்சியில எல்லாம் போச்சு, அதுக்கப்புறம் நாப்பது வருஷத்துக்கும் மேல சுவிட்சர்லாந்துல மோந்த்ரோங்கிற ஏரிக்கரை ஊர்ல இருந்துட்டு 2021 நவம்பர்ல 93 வயசுல காலமானாரு.

அப்பா கதை தெரியாம மகன் கதை புரியாது, அதையும் சொல்லிடறேன். ரெண்டாம் உலகப் போர் நடுவுல, 1942-ல, இஸ்ஃபஹான்ல இராணுவப் பொறுப்புல இருந்த ஜெனரல் ஜாஹெதியை ஜெர்மனிக்கு வேண்டப்பட்டவர்னு சந்தேகப்பட்டு ஆங்கிலேயர்கள் தூக்கிட்டுப் போயிட்டாங்க. மரியாதைக்குப் பார்க்க வர்ற மாதிரி வீட்டுக்குள்ள வந்து, துப்பாக்கியைக் காட்டி கார்ல ஏத்தி, பாலஸ்தீனத்துக்குக் கொண்டு போய் போர் முடியற வரைக்கும் அடைச்சு வெச்சாங்க. மகனுக்கு அப்போ பதினாலு வயசு. இதே ஆங்கிலேயர்கள்தான் பதினோரு வருஷம் கழிச்சு அதே ஜெனரலைப் பிரதமர் நாற்காலியில உட்கார வைக்க உதவினாங்க.

1953-ல ஈரான் பிரதமர் மொசாத்தெக்கைக் கவுத்ததுல அப்பாவுக்குப் பங்கு இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். மகனுக்கும் பங்கு உண்டா சார்? (கல்லூரி மாணவி, திருச்சி)

உண்டும்மா, நல்லாவே உண்டு.

மொசாத்தெக் 1951-ல ஈரான் எண்ணெயை தேசியமயமாக்கினாரு, ஆங்கிலேயர்களோட எண்ணெய் கம்பெனிக்கு அது பெரிய அடி, அதுல இருந்துதான் பகை. கடைசில அமெரிக்க உளவுத்துறை சிஐஏவும் பிரிட்டிஷ் உளவுத்துறையும் சேர்ந்து திட்டம் போட்டு, ஷாகிட்ட மொசாத்தெக்கை நீக்கி ஜெனரல் ஜாஹெதியை நியமிக்கிற ஆணையில கையெழுத்து வாங்கினாங்க. 1953 ஆகஸ்ட் 15 ராத்திரி அந்த ஆணையைக் கொண்டுபோன கர்னல் நஸ்ஸிரியை மொசாத்தெக் ஆளுங்க பிடிச்சு உள்ள வெச்சுட்டாங்க. திட்டம் புஸ்ஸுன்னு போச்சு, ஷா விமானம் ஏறி முதல்ல பாக்தாத், அப்புறம் ரோம்னு போயிட்டாரு, ஜெனரல் தலைமறைவு.

மகன் உள்ள வர்றது இந்த இடத்துலதான். மறுநாள் வெளிநாட்டு நிருபர்களை ஒரு வீட்டுக்கு வரவழைச்சு, ஷா கையெழுத்து போட்ட ஆணையைக் காட்டி, அதோட நகல்களைக் கையில கொடுத்தது அர்தஷிர்தான். இருபத்தி நாலு வயசுப் பையன். யோசிச்சுப் பாருங்க, ஒரு தோத்துப்போன சதியை "சட்டப்படி நியமிக்கப்பட்ட பிரதமரை மொசாத்தெக் தடுக்கிறாரு"ங்கிற செய்தியா மாத்தினது அந்த நகல்கள்தான், அது பத்திரிகைகள்ல வந்து ஊர் முழுக்கப் பரவி, 19-ம் தேதி கூட்டமும் டேங்கும் தெருவுல இறங்கினப்போ ஜெனரல் வெளிய வந்துட்டாரு, மொசாத்தெக் வீடு நொறுங்கிப்போச்சு.

ஜாஹெதி சாகற வரைக்கும் இதை ஆட்சிக்கவிழ்ப்புன்னு ஒத்துக்கவே இல்ல. மக்கள் எழுச்சி, அப்பா சட்டப்படி பிரதமர், அமெரிக்காக்காரன் பண்ணினதெல்லாம் பீத்தல்னு சொல்லிட்டே இருந்தாரு. அவர் சொல்ற சட்ட வாதத்துல கொஞ்சம் உயிர் இருக்கு, ஏன்னா மொசாத்தெக் அந்த மாசம்தான் வாக்கெடுப்பு நடத்தி நாடாளுமன்றத்தைக் கலைக்கிற வேலையில இருந்தாரு, நாடாளுமன்றம் இல்லாதப்போ பிரதமரை நீக்க ஷாவுக்கு அதிகாரம் உண்டுன்னு ஒரு வாதம் இருக்கு. ஆனா சிஐஏ தன்னோட உள்வரலாற்றுல எழுதி வெச்சது 2000-ல நியூயார்க் டைம்ஸ்ல வெளிவந்துடுச்சு, 2013-ல அவங்களே அதிகாரபூர்வமாவும் ஒத்துக்கிட்டாங்க. அதுக்கப்புறமும் இல்லன்னு சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன். ஈரான் மக்கள் மனசுல அமெரிக்கா மேல விழுந்த அந்த வடு இன்னைக்கும் ஆறலையே, அதை உண்டாக்கினதுல இவர் கையும் இருக்கு.

விவசாயம் படிச்சவராமே, எப்படி தூதரானாரு? ராஜா வீட்டு மாப்பிள்ளைங்கிறதாலயா? (வாசகர், பொள்ளாச்சி)

அதுவும்தான், அது மட்டும் இல்ல.

அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல லோகன்ங்கிற ஊர்ல விவசாயம் படிச்சு 1950-ல பட்டம் வாங்கினாரு. ஊர் திரும்பி, பாயின்ட் ஃபோர்னு அமெரிக்க உதவித் திட்டம் ஒண்ணு ஈரான்ல நடந்துச்சே, அதுல வேலை. மலேரியாவுக்கு மருந்தடிக்கிறது, நல்ல ஜாதிக் கோழி கொடுக்கிறது, சைப்ரஸ்ல இருந்து பெரிய கழுதைகளைக் கொண்டு வந்து உள்ளூர் கழுதை இனத்தைத் தேத்துறதுன்னு கிராமத்து வேலை. கழுதைன்னதும் சிரிக்காதீங்க, பொதி சுமக்கிறதுக்கு அதை விட்டா வேற வழியில்லாத ஊர்கள் அவ்வளவு இருந்துச்சு. கிராமத்தையும் அமெரிக்காக்காரனையும் ஒரே சமயத்துல தெரிஞ்சுகிட்ட ஈரான் அதிகாரிங்க அந்தக் காலத்துல ரொம்பக் கம்மி, இவருக்கு அந்தப் பழக்கம் கடைசி வரைக்கும் கை கொடுத்துச்சு.

1957-ல ஷாவோட மூத்த மகள் இளவரசி ஷாநாஸைக் கட்டினாரு. அவங்க ஷாவோட முதல் மனைவி, எகிப்து இளவரசி ஃபவ்ஸியாவுக்குப் பிறந்தவங்க. முப்பது வயசைத் தாண்டின கையோட வாஷிங்டன் தூதர் பதவி, அப்புறம் 1962-ல இருந்து லண்டன். மாப்பிள்ளைங்கிறதால கிடைச்ச பதவிதான், அதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா 1964-ல விவாகரத்து ஆயிடுச்சு, மாப்பிள்ளை உறவே முடிஞ்சுபோச்சு, அமைச்சர் பதவி வந்தது அதுக்கும் ரெண்டு வருஷம் கழிச்சுதான். மகளைப் பிரிஞ்சவரை ஒரு ராஜா பக்கத்துலயே வெச்சுக்கிறாருன்னா ஆள் வேலைக்கு ஆவாருன்னுதானே அர்த்தம்.

பஹ்ரைனை ஈரான் விட்டுக் கொடுத்தது இவர் காலத்துலதானே? ஈரான்காரங்க இன்னும் இவரைத் திட்டறாங்கன்னு இங்க கூட வேலை செய்யற ஒருத்தர் சொன்னாரு. (மனாமாவுல வேலை பார்க்கும் வாசகர்)

ஆமா தம்பி, நீங்க இருக்கிற ஊரைப் பத்தின கதைதான் இது, கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா என்னைப் பொறுத்தவரைக்கும் ஜாஹெதி செஞ்சதுலயே பெரிய வேலை இதுதான்.

1602-ல இருந்து ஒண்ணே முக்கால் நூற்றாண்டு பஹ்ரைன் பெரும்பாலும் பாரசீகத்தோட கையிலதான் இருந்துச்சு, 1783-ல அல் கலீஃபா குடும்பம் பிடிச்சது, அப்புறம் அவங்க பிரிட்டிஷ் பாதுகாப்புக்குள்ள போயிட்டாங்க. ஈரான் மட்டும் விடாம "எங்களுது"ன்னு சொல்லிட்டே இருந்துச்சு, 1957-ல தங்களோட 14-வது மாகாணம்னே அறிவிச்சுட்டாங்க. வெறும் பேப்பர்லதான், ஆனா பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வரைக்கும் அதைப் படிச்சுத்தான் வளர்ந்தாங்க.

1968 ஜனவரியில பிரிட்டன், 1971 முடியறதுக்குள்ள வளைகுடாவை விட்டுக் கிளம்பறோம்னு சொல்லிடுச்சு. இப்போ என்ன பண்றது? படையை அனுப்பினா அரபு நாடுகள் அத்தனையும் பகை, அனுப்பாம சும்மா விட்டா உள்நாட்டுல துரோகிப் பட்டம். 1969 ஜனவரியில ஷா நம்ம டெல்லிக்கு வந்திருந்தப்போ நிருபர்கள் கிட்ட, பஹ்ரைன் மக்கள் எங்களோட சேர விரும்பலைன்னா பலவந்தமா எடுத்துக்க மாட்டோம்ங்கிற மாதிரி சொல்லிட்டாரு. கதவு திறந்தது டெல்லியிலதான்.

அடுத்த ஒரு வருஷத்துக்கும் மேல ஜாஹெதியோட வேலை, அந்த ஒரு பேச்சை ஈரானுக்கு அவமானம் வராத ஒரு ஏற்பாடா மாத்தறது. பொது வாக்கெடுப்புக்கு பஹ்ரைன் ஷேக்கும் ஒத்துக்கல, பிரிட்டனும் ஒத்துக்கல. அதனால ஐநா பொதுச் செயலாளர் ஊ தாண்ட் தன்னோட பிரதிநிதியா வின்ஸ்பியர் குய்ச்சியார்திங்கிற இத்தாலிக்காரரை அனுப்பறது, அவர் அங்க இருக்கிற சங்கம், கிளப், ஊர்ப் பெரியவங்கன்னு எல்லாரையும் கேட்டு அறிக்கை கொடுக்கிறது, அதைப் பாதுகாப்பு கவுன்சில் ஏத்துக்கிறதுன்னு முடிவாச்சு. அவர் போய்ப் பார்த்து, ரொம்பப் பெரும்பான்மை மக்கள் சுதந்திர நாடாத்தான் இருக்க விரும்பறாங்கன்னு எழுதினாரு, 1970 மே 11-ல பாதுகாப்பு கவுன்சில் ஒருமனதா ஏத்துக்கிச்சு.

அதுக்கு முன்னாடியே மார்ச் மாசம் நாடாளுமன்றத்துல போய் நின்னு இதைச் சொல்ல வேண்டிய ஆள் யாரு? ஷா இல்ல, வெளியுறவு அமைச்சர். பான் ஈரானிஸ்ட் கட்சித் தலைவர் மொஹ்சென் பெஸெஷ்க்பூர் எழுந்து நாட்டை விக்கறீங்கன்னு சாடினாரு. ஷாவோட கட்டுப்பாட்டுல இருந்த சபையில அப்படி ஒருத்தர் பேசறதே பெரிய விஷயம். கடைசில எதிர்த்து ஓட்டு போட்டது விரல் விட்டு எண்ணற அளவு பேர்தான், தீர்மானம் ஜெயிச்சுடுச்சு, 1971 ஆகஸ்ட்ல பஹ்ரைன் தனி நாடு.

திட்டறவங்க இன்னைக்கும் திட்டிட்டுத்தான் இருக்காங்க, உங்க நண்பர் சொன்னது சரி. என் கணக்கு வேற. ஒரு துப்பாக்கிச் சத்தம் இல்லாம, ஜெயிக்க முடியாத ஒரு உரிமைக் கோரிக்கையை மரியாதையா முடிச்சு வெச்சாங்க பாருங்க, அந்தக் கடல்ல அப்படி முடிஞ்ச தகராறு ரொம்பக் கம்மி. அதே 1971 நவம்பர் 30-ம் தேதி, இவர் பதவியில இல்லாதப்போ, ஈரான் படையை அனுப்பி அபு மூசா, ரெண்டு தும்ப் தீவுகளை எடுத்துக்கிச்சு, அந்தச் சண்டை அமீரகத்தோட அரை நூற்றாண்டு தாண்டி இன்னும் ஓடிட்டு இருக்கு.

பஹ்ரைன் தவிர வேற என்ன செஞ்சாரு? (வாசகர், வேலூர்)

ரெண்டு சொல்றேன். ஈரான்-ஈராக் எல்லையில ஓடற ஷத்-அல்-அரப் ஆத்துல 1937 ஒப்பந்தப்படி எல்லை பெரும்பாலும் ஈரான் பக்கக் கரையில இருந்துச்சு, தண்ணி முழுக்க ஈராக்கோடது மாதிரி, கப்பலுக்கு வரியும் அவங்களுக்கு. 1969 ஏப்ரல்ல ஈரான் அந்த ஒப்பந்தம் செல்லாதுன்னு அறிவிச்சு, இப்னு சினாங்கிற சரக்குக் கப்பலை ஈரான் கொடியோட, கடற்படைக் காவலோட ஆத்துல விட்டுச்சு, ஈராக் சும்மா பார்த்துட்டு இருந்துச்சு. இன்னொண்ணு எகிப்து. இஸ்ரேல் விஷயத்துல 1960-ல எகிப்து அதிபர் நாசர் ஈரானோட உறவையே முறிச்சுட்டாரு, பத்து வருஷம் கழிச்சு 1970 ஆகஸ்ட்ல அது திரும்ப ஒட்டிச்சு, நாசர் இறக்கறதுக்குச் சரியா ஒரு மாசம் முன்னாடி. புரட்சிக்கு அப்புறம் யாரும் சேர்த்துக்காத ஷாவுக்கு எகிப்துதான் இடம் கொடுத்துச்சு, அவர் செத்ததும் புதைச்சதும் கெய்ரோவுலதான்.

எலிசபெத் டெய்லரோட சுத்தினாருன்னு என் மாமா சொல்வாரு, நிஜமா? (வாசகி, காரைக்குடி)

நிஜம்தான், 1976-ல. ரெண்டாவது தடவை 1973-ல வாஷிங்டன் தூதரா போனப்போ அவர் கொடுத்த பார்ட்டிகள் அமெரிக்கப் பத்திரிகைகள்ல தினச் செய்தி. தூதரகத்துல கூரை முழுக்கக் கண்ணாடிச் சில்லு பதிச்ச ஒரு பாரசீக மண்டபம் உண்டு, காவியாரும் ஷாம்பெயினும் ஓடும், செனட்டர்ல இருந்து நடிகர் வரைக்கும் வருவாங்க. டெய்லர் அந்த வருஷமே ஈரானைச் சுத்திப் பார்க்கவும் போனாங்க, ஆனா வருஷக் கடைசில ஜான் வார்னரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. இதை மட்டுமே பேசி இவரைப் பார்ட்டித் தூதர்னு சுருக்கிட்டாங்கங்கிறதுதான் எனக்கு வருத்தம், அடுத்த கேள்விக்குப் பதிலைப் படிங்க.

வாஷிங்டன்ல பிணைக்கைதிகளை மூணு முஸ்லிம் தூதர்கள் குர்ஆன் சொல்லியே மீட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். அதுல இவரும் உண்டா? (வாசகர், காயல்பட்டினம்)

உண்டுங்க பாய். 1977 மார்ச் 9. ஹமாஸ் அப்துல் காலிஸ்ங்கிறவரோட தலைமையில பன்னிரண்டு பேர் ஆயுதத்தோட வாஷிங்டன்ல மூணு கட்டடத்தைப் பிடிச்சாங்க: பினாய் பிரித்ங்கிற யூத அமைப்போட தலைமையகம், இஸ்லாமிக் சென்டர், நகராட்சிக் கட்டடம். 149 பேர் பிணைக்கைதிகள். ஒரு இளம் ரேடியோ நிருபர் சுடப்பட்டு அங்கேயே இறந்துட்டாரு. காலிஸுக்கு என்ன கோபம்னா, நாலு வருஷம் முன்னாடி அவர் வீட்டுக்குள்ள புகுந்து குழந்தைகள் உட்பட ஏழு பேரைக் கொன்னுட்டாங்க, கொன்னவங்களை என் கையில கொடுங்கன்னு கேட்டாரு, நபிகள் பத்தின ஒரு சினிமாவையும் நிறுத்தச் சொன்னாரு.

போலீஸால ஒண்ணும் பண்ண முடியல. எகிப்து தூதர் அஷ்ரஃப் கோர்பல், பாகிஸ்தான் தூதர் யாகூப் கான், ஈரான் தூதர் ஜாஹெதி, மூணு பேரும் பேச முன்வந்தாங்க. முதல்ல போன்ல. அப்புறம் நேர்ல, பினாய் பிரித் கட்டடத்துல கீழ்த்தளத்துல ஒரு மேஜையைப் போட்டு, கையில எந்த ஆயுதமும் இல்லாம, பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்த மனுஷனுக்கு எதிர்ல மணிக்கணக்கா உட்கார்ந்து, குர்ஆன்ல கருணையையும் பொறுமையையும் பத்தி வர்ற வசனங்களை எடுத்துச் சொன்னாங்க. 11-ம் தேதி விடியறதுக்குள்ள மிச்சம் இருந்த அத்தனை பேரும் வெளிய வந்துட்டாங்க. யூதர்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் எல்லாரும் அதுல இருந்தாங்க.

நல்லா வேலை செஞ்சவரை 1971-ல ஏன் அமைச்சர் பதவியில இருந்து எடுத்தாங்க? (வாசகர், சேலம்)

பிரதமர் ஹொவைதாவுக்கும் இவருக்கும் ஆகவே ஆகாது. இவர் நேரா ஷாகிட்டதான் பேசுவாரு, பிரதமரை மதிக்க மாட்டாரு, கோபம் வந்தா வாய்க்கு வந்தபடி பேசற ஆளு. ஹொவைதா பொறுமைசாலி, பன்னிரண்டரை வருஷம் பதவியில இருந்தவரு. கடைசில யார் போவாங்கன்னு சொல்லணுமா என்ன. அடுத்து வந்தவர் அப்பாஸ் அலி கலத்பரி, சத்தம் போடாத பழுத்த அதிகாரி.

அந்தப் பதவி போனதாலதான் ஜாஹெதி உயிர் தப்பிச்சாருன்னு எனக்குத் தோணும். புரட்சி ஜெயிச்சப்போ அவர் வெளிநாட்டுல, மத்த ரெண்டு பேரும் தெஹ்ரான்ல. 1979 ஏப்ரல் 7-ம் தேதி ஹொவைதாவைக் கொன்னாங்க, நாலு நாள் கழிச்சு கலத்பரியைச் சுட்டாங்க. புரட்சி அரசுக்கே வெளியுறவு அமைச்சரா இருந்த கோத்ப்ஸாதேயையும் 1982-ல சுட்டுட்டாங்க. அதுக்கெல்லாம் முன்னாடி மொசாத்தெக்கோட வெளியுறவு அமைச்சர் ஹுசைன் ஃபாத்தெமி, அவருக்கு 37 வயசுதான், காய்ச்சல்ல கிடந்தவரை 1954 நவம்பர்ல கொண்டு போய் நிறுத்திச் சுட்டாங்க. அந்தக் கவிழ்ப்புல ஜெயிச்ச பக்கம் ஜாஹெதி பக்கம். ஃபாத்தெமி இரத்தத்தைப் பத்திப் பேசாம கலத்பரிக்காக மட்டும் அழறவங்களையும் பார்க்கிறேன், அதுக்கு நேர் எதிரா பண்றவங்களையும் பார்க்கிறேன், ரெண்டும் எனக்கு ஒப்பலை.

சொத்து, பதவி, நாடு எல்லாத்தையும் பறிச்ச ஆட்சியை கடைசி காலத்துல ஆதரிச்சாராமே? (வாசகர், கோவை)

ஆட்சியை ஆதரிச்சாருன்னு சொல்றது சரியில்லங்க. முடியாட்சிக்காரராத்தான் இறந்தாரு. ஆனா ஈரான்ங்கிற நாட்டுக்கு எதிரா வெளியில இருந்து எவனாவது பேசினா அவரால பொறுத்துக்க முடியாது. அணுசக்தி ஈரானோட உரிமை, அதை ஷா காலத்துலயே ஆரம்பிச்சோம், ஒப்பந்தத்துல கையெழுத்தும் போட்டோம்னு விடாம சொன்னாரு. 2018-ல டிரம்ப்போட வெளியுறவு அமைச்சர் பாம்பியோ ஈரானுக்குப் பன்னிரண்டு நிபந்தனை போட்டப்போ, தொண்ணூறு வயசை நெருங்கின இவர் நியூயார்க் டைம்ஸ்ல இடம் வாங்கி பகிரங்கக் கடிதம் போட்டாரு. 2020-ல அமெரிக்கா ஈரான் புரட்சிக் காவல்படைத் தளபதி காசிம் சுலைமானியைக் கொன்னதும் அவரை நாட்டுப்பற்றுள்ள, கௌரவமான சிப்பாய்னு சொன்னாரு. வெளிநாட்டுல இருக்கிற ஷா ஆதரவாளர்கள் கொதிச்சுப் போனாங்க, கிழவனுக்குப் புத்தி பிசகிடுச்சு, விலை போயிட்டாருன்னெல்லாம் பேசினாங்க.

விலை போறதா இருந்தா நாப்பது வருஷம் காத்திருக்க வேண்டியதில்லையே. சுலைமானி பத்தி அவர் சொன்னதுல எனக்கு உடன்பாடு இல்ல, அவர் படை இறங்கின சிரியாவுல செத்தவங்களோட குடும்பத்துக்கிட்ட போய் அதைச் சொல்ல முடியாது. ஆனா வெளிநாட்டுக் குண்டு விழுந்தாலாவது நம்ம ஆட்சி திரும்பி வராதான்னு ஏங்கின கூட்டத்தோட அவர் சேரல. 1953-ல அன்னியன் கையால வந்த பதவி என்ன விலை கேட்கும்னு அந்த வீட்டை விட வேற யாருக்குத் தெரியும்? அவர் வாயால அதை ஒத்துக்காட்டியும், வயசான காலத்துல நடந்துகிட்ட விதத்துல அந்தப் பாடம் இருந்துச்சுன்னு நான் நம்பறேன்.

அந்தக் கண்ணாடி மண்டபம் இருந்த தூதரகம் இப்போ என்ன ஆச்சு? (வாசகி, புதுச்சேரி)

புரட்சிக்கு அப்புறம் வந்தவங்க முதல் வேலையா அங்க இருந்த மது பாட்டிலையெல்லாம் திறந்து கொட்டினாங்க. 1980 ஏப்ரல்ல அமெரிக்க அதிபர் கார்ட்டர் உறவை முறிச்சதும் மூடிட்டாங்க. மாசசூசெட்ஸ் அவென்யூவுல கட்டடம் அப்படியே நிக்குது, பராமரிப்பு அமெரிக்க வெளியுறவுத் துறை பொறுப்புல. பாஸ்போர்ட் மாதிரி வேலைக்குப் போற ஈரான்காரங்க, பாகிஸ்தான் தூதரகத்தோட பேர்ல தனியா நடக்கிற ஒரு பிரிவுக்குத்தான் போகணும்.